நாலு தரம் அடித்தது

2024 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. மதியம் 12.40. கனடாவின் பிறம்ரன் நகரில் உள்ள என் வீட்டு பேஸ்மென்றில் காபன் மொனொக்சைட் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அதை நான் சுவரிலிருந்து கழற்றினேன். பக்கத்தில் 21 வயதுப் பிள்ளை ஒருத்தி போர்வையைப் போர்த்தியபடி நின்றாள். தலை வலிக்கிறது என்றாள். போய்ப் படுக்கச் சொன்னேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு, அறம் என்றால் என்ன என்று நாற்பது நிமிடம் பேசப் போனேன்.

என் குற்றம் இதுதான். ஆனால் இதோடு நிறுத்தினால் அதை ஒரு கவனக்குறைவு என்று நினைத்துவிடுவீர்கள். பல மாதங்கள் நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். அது முழு உண்மை இல்லை. தீர்ப்புச் சொல்லவேண்டியவர் நீங்கள். உங்களுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தது தெரியவேண்டும்.

நான் 1991இல் கனடாவுக்கு வந்தவன். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் ஏழு பேராக இருந்தோம். கழிப்பறை ஒன்று. வீட்டுக்காரர் ஹீற்றரைக் கூட்டிக் குறைக்கும் கருவியை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். ஜனவரி இரவுகளில் ஜாக்கெற்றோடு படுத்தோம். எனக்கென்று ஒரு வீடு வந்தால் ஒருவரையும் இப்படி வைத்திருக்கமாட்டேன் என்று மற்ற ஆறு பேருக்கும் சொன்னேன். சொன்ன இரவுகூட நினைவிருக்கிறது.

உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை கிடைத்தது. இடைவேளையில் வாசிக்கத் தொடங்கினேன். முதலில் குறளுக்கான உரைகள். பிறகு பழைய புத்தகக் கடைகளில் ஒரு டொலருக்குக் கிடைத்த பிளேட்டோ, கான்ற், மில். படிப்பைப் பாதியில் விட்டுவந்தவனுக்கு அது பெரிய ஆறுதல். ஆறுதல் மெல்லப் பெருமையாக மாறியது. எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. 2013இல் நண்பர்கள் சிலரோடு மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினேன். மெய்யியலை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம் என்று முதல் கூட்டத்தில் சொன்னேன். கருணைக்கொலை, அகதிச் சட்டம், முதிய பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் விடலாமா, பிள்ளையின் தொலைபேசியைத் திறந்து பார்க்கலாமா என்று எல்லாவற்றையும் பேசினோம். முடிவுரை பெரும்பாலும் என்னுடையது. கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியாக ஆலோசனை கேட்பார்கள். அதற்காகக் காத்து நிற்பேன்.

இனி வீட்டைப் பற்றி.

2006இல் பிறம்ரனில் வீடு வாங்கினேன். சில வருடங்களில் பேஸ்மென்றை வாடகைக்கு விடத் தொடங்கினேன். இரண்டு அறைகள், ஒரு சிறு சமையலறை. பக்கத்து அறையில் ஃபர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் திறந்தபடி இருந்தன. 2019இல் அந்த இடத்தைப் பார்த்தேன். ஃபர்னஸை ஒரு மூலையில் ட்ரைவோல் வைத்து அடைத்தால் இன்னொரு படுக்கையறை வரும். ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்தேன். அவர் வேலை தெரிந்தவர். "அண்ணை, இதுக்குக் காத்து வேணும். பெர்மிற் எடுத்துச் செய்தால் அவங்கள் வந்து பாத்துச் சொல்லுவாங்கள்" என்றார். பெர்மிற் எடுத்தால் பேஸ்மென்ற் பதிவில்லாதது என்பதும் வெளியே வரும். "நீர் அடையும், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். இரண்டு நாளில் சுவர் எழும்பிவிட்டது. கதவில் காற்றுப் போக ஒரு சிறு சல்லடைகூட வைக்கவில்லை.

இந்தக் கதையை நான் முன்பு சொன்னபோதெல்லாம் வட்டி விகிதத்தில் தொடங்குவேன். 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த கனடிய மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்கு வந்தது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்கள் திணறிப்போனார்கள். நானும் திணறினேன். அது உண்மை. ஆனால் சுவர் எழும்பியது 2019இல். அப்போது எனக்கு ஒரு நெருக்கடியும் இல்லை. மாதம் 550 டொலர் கூடுதலாக வரும் என்பதுதான் காரணம். அதற்குப் பேராசை என்று பெயர்.

பிறம்ரனுக்கு அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் வெளிநாட்டு மாணவர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து. எயர்போட் வீதிப் பக்கம் உள்ள வெயார்ஹவுஸ்களில் இரவில் பெட்டி அடுக்கிவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போவார்கள். என் வீட்டில் நான்கு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். மூவர் பஞ்சாபிகள். ஒருத்தி தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. அவளுக்குத்தான் அந்தப் புதிய அறை. விலை குறைந்த அறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஃபர்னஸ். சன்னல் இல்லை. தமிழ்ப் பிள்ளை என்று 50 டொலர் குறைத்துக் கொடுத்தேன். அந்த 50 டொலரைப் பற்றி வட்டத்தில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

2024 ஜனவரியில் பிறம்ரன் நகரசபை வாடகை வீடுகளுக்கு உரிமம் கொடுக்கும் பரீட்சார்த்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஐந்து வட்டாரங்களில், சிறிய வாடகை வீடுகளுக்கு. ஆண்டுக்கு 300 டொலர் கட்டணம். அதிகாரிகள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். நானும் அவர்களோடு நின்றேன். கையெழுத்து வைத்தேன். ஒரு கூட்டத்தில் எழுந்து ஜோன் ஸ்ருவேட் மில்லைப் பற்றிப் பேசினேன். மற்றவருக்குத் தீங்கு வராதவரை தனிமனிதன் விடயத்தில் அரசு தலையிடக்கூடாது என்று 1859இல் அவர் எழுதியதை எடுத்து விளக்கினேன். கைதட்டினார்கள். மில் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மற்றவருக்குத் தீங்கு. அந்த நிபந்தனை என் வீட்டுச் சுவருக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு 300 டொலர் பெரிதில்லை. அதிகாரி வந்து அந்தச் சுவரைப் பார்ப்பான் என்ற பயம். அந்தப் பயத்துக்கு நான் சுதந்திரம் என்று பெயர் வைத்தேன்.

அலாரத்தின் கதையும் எனக்குத் தெரியும். ஒன்ராறியோவில் வூட்ஸ்ரொக் என்ற ஊரில் 2008 டிசம்பரில் லோரி ஹோக்கின்ஸ் என்ற பெண் பொலிஸ் அதிகாரி, கணவர், பிள்ளைகள் இருவர் என ஒரே குடும்பத்தில் நான்கு பேர் காபன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். புகைபோக்கி அடைத்திருந்தது. வீட்டில் அலாரம் இருக்கவில்லை. லோரியின் மாமா ஜோன் கிக்னாக் தீயணைப்பு வீரர். அவர் ஆண்டுக்கணக்கில் அலைந்து திரிந்ததில் 2013இல் சட்டம் வந்தது. ஹோக்கின்ஸ் கிக்னாக் சட்டம் என்று பெயர். 2014 ஒக்ரோபர் 15 முதல் காஸ் போன்ற எரிபொருள் எரியும் வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயம். வாடகை வீட்டில் அதை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. கழற்றுவது குற்றம். இதெல்லாம் தெரிந்துதான் அந்த அலாரத்தை வாங்கி மாட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தச் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் எனக்குப் பேச்சு. தலைப்பு "அருகில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும்". மெய்யியலாளர் பீற்றர் சிங்கர் 1971 நவம்பரில், கிழக்கு வங்காள அகதிகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, எழுதிய கட்டுரையைப் பற்றியது. ஒரு குளத்தில் குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் உங்கள் உடுப்புச் சேறாகும். இறங்குவீர்களா, மாட்டீர்களா? இறங்குவீர்கள் என்றால், தூரத்தில் சாகிற குழந்தைக்கு ஏன் உதவவில்லை? தூரம் ஒரு சாட்டாகுமா? இதுதான் அவருடைய கேள்வி. நான் மாதாமாதம் வன்னியில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்குக் காசு அனுப்புகிறவன். அதையும் பேச்சில் மெதுவாகத் தொட்டுச் செல்ல எழுதி வைத்திருந்தேன்.

12.20க்கு அந்தத் தஞ்சாவூர்ப் பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. "அங்கிள், கீழ மெஷின் நாலு தடவ கத்துது. நிக்குது. திரும்ப நாலு தடவ கத்துது. தலை வலிக்குது." பதில் போடவில்லை. கடைசிப் பந்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன். 12.35க்கு இன்னொரு செய்தி. "அங்கிள் ப்ளீஸ்." எனக்குச் சினம் வந்தது. 1.15க்கு நான் புறப்படவேண்டும். மனைவி மிசிசாகாவில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கீழே இறங்கினேன். பதின்மூன்று படிகள்.

அவள் இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். வேலை உடுப்பைத் துவைத்து ட்ரையரில் போட்டிருந்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பிள்ளைகளும் வெளியே போயிருந்தார்கள். முகம் சிவந்திருந்ததா, வெளிறியிருந்ததா என்று பிறகு கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தேன்.

"பற்றரி முடிஞ்சிருக்கும் பிள்ளை" என்றேன்.

"வாந்தி வர்ற மாதிரி இருக்கு அங்கிள்."

"இரவு வேலை செய்தால் அப்படித்தானே இருக்கும். நீர் போய்ப் படும்."

அலாரத்தைத் திருகிக் கழற்றினேன். கையில் வைத்திருக்கும்போதும் அடித்தது. பின்பக்கம் திருப்பி மூடியைத் திறந்தேன். அங்கே எழுத்துகள் இருந்தன. கண்ணில் பட்டன. வாசிக்கவில்லை. பற்றரிகளைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. அவள் "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

இனிச் சொல்லப்போவதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பற்றரி என்று நான் நம்பினேன் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். நீங்களும் அதை ஏற்றுக்கொண்டிருப்பீர்கள். ஆனால் மூடியைத் திறக்கும்போது ஒரு கணம் வந்தது. இது காஸாக இருந்தால்? அந்தக் கேள்வி மனதில் தெளிவாக எழுந்தது. அதற்கு அடுத்ததாக வந்த நினைப்பு அந்தப் பிள்ளையைப் பற்றியது இல்லை. 911க்கு அடித்தால் தீயணைப்புப் படை வரும், சுவரைக் காணும். அதுதான் வந்த நினைப்பு. அதற்குப் பிறகு பற்றரி என்று நம்புவதற்கு எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. நம்பிக்கை தானாக வரவில்லை. நானே அதைத் தெரிவுசெய்தேன்.

அலாரத்தை மேலே கொண்டுவந்து சமையலறை லாச்சிக்குள் வைத்தேன். அதே லாச்சியில் புதுப் பற்றரிகள் இருந்தன. பற்றரிதான் பிழை என்றால் அதை மாற்ற அரை நிமிடம் போதும். மாற்றியிருந்தால் அது மறுபடி அடித்திருக்கும். எனக்கு அது உள்ளுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

2 மணிக்குப் பேச்சுத் தொடங்கியது. தொலைபேசியை அணைத்து வைத்தேன். பேச்சின் நடுவே பிறின்ஸ்ரன் ஆய்வைச் சொன்னேன். 1973இல் ஜோன் டார்லி, டானியல் பற்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் குருமட மாணவர்களை வைத்துச் செய்தது. மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேசப் போகவேண்டும். சிலருக்கு நல்ல சமாரியன் கதையே தலைப்பு. வழியில் ஒருவன் இருமிக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதமானோர் நின்றார்கள். பிந்திவிட்டது என்று நினைத்தவர்களில் நின்றவர்கள் 10 சதவீதம். எதைப் பேசப் போனார்கள் என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை. இதைச் சொல்லிவிட்டுச் சபையைப் பார்த்தேன். "நாங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அவள் படுத்திருந்தாள். சபையில் 22 பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்து, கண் கலங்கிப் பாராட்டினார். அந்தக் கைகளை நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

3.40க்குத் தொலைபேசியைத் திறந்தேன். பதினொரு அழைப்புகள்.

பஞ்சாபிப் பிள்ளைகளில் ஒருத்தி குருத்துவாராவிலிருந்து 3 மணிக்குத் திரும்பி வந்திருக்கிறாள். வாசலிலேயே மேல்வீட்டு அலாரம் அடிக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. கீழே ஓடினாள். தஞ்சாவூர்ப் பிள்ளையை எழுப்பினால் எழும்பவில்லை. தனியாக அவளைப் படியால் இழுத்துக்கொண்டு வெளியே பனிக்குள் கொண்டுவந்து கிடத்திவிட்டு 911க்கு அடித்திருக்கிறாள். அந்த வயதில் அந்த அறிவும் துணிவும். குளத்தில் இறங்கியது அவள்தான்.

என்ன நடந்தது என்று தீயணைப்புப் படையினர் எனக்கு விளக்கினார்கள். காஸ் எரிய காற்று வேண்டும். நான் அடைத்த மூலைக்குள் காற்றுப் போதவில்லை. ட்ரையர் வேறு உள்ளே இருந்த காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. புகைபோக்கியால் மேலே போகவேண்டிய புகை திரும்பிக் கீழே இறங்கியது. குறையாக எரிந்த காஸில் காபன் மொனொக்சைட் பெருகியது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒக்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, பிரட்டல், நித்திரை. நித்திரை என்று நினைத்துப் படுத்தவர் எழும்பமாட்டார். அவளைப் படுக்கச் சொன்னது நான்.

ஒரு அதிகாரி கேட்டார், "கீழே அலாரம் எங்கே?"

"மாட்டித்தான் இருந்தது. பிள்ளையள் சத்தத்துக்குக் கழற்றியிருக்கவேணும்" என்றேன்.

இது இரண்டாவது குற்றம். முதலாவதைவிடக் கீழானது. முதலாவதற்கு ஒரு கணமாவது குழப்பம் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. வாயைத் திறந்தேன், பொய் தயாராக இருந்தது. பேசிப் பழகிய வாய்.

மூன்றாம் நாள் தஞ்சாவூரிலிருந்து அவளுடைய அப்பா எடுத்தார். அவள் அப்போது ரொறன்ரோவில் உயர் அழுத்த ஒக்சிசன் அறை உள்ள மருத்துவமனையில் இருந்தாள். கண் விழித்திருந்தாள். ஆனால் அன்றைய நாள் அவளுக்கு நினைவில் இல்லை. அலாரத்தை அவளே கழற்றிவிட்டதாக யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த யாரோ சொன்னதெல்லாம் நான் சொன்னதிலிருந்து வந்தது.

"சார், விவரம் தெரியாத பொண்ணு சார். தப்புப் பண்ணிடுச்சு. உங்க வீட்டுக்கு இவ்வளவு சிரமம். பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க சார்" என்றார். அவர் குரல் நடுங்கியது. விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்றும் கேட்டார். நிலத்தை அடகு வைத்து அனுப்பியவர்.

நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். "பரவாயில்லை, பிள்ளையள்தானே" என்றேன். நான் செய்த குற்றத்துக்கு அந்த மனிதரை நான் மன்னித்தேன். அவர் நன்றி சொன்னார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை என்று எழுதினால் நீங்கள் கொஞ்சம் இரங்குவீர்கள். நித்திரை வந்தது. அதையும் எழுதவேண்டும்.

ஒன்பதாம் நாள் அந்த அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். மனச்சாட்சி உறுத்தியதால் சொன்னேன் என்று நினைக்கவேண்டாம். எட்டாம் நாள் அந்தப் பஞ்சாபிப் பிள்ளை சாமான் எடுக்க வந்தாள். என்னை நேராகப் பார்த்து, "அங்கிள், அவளுடைய போனைப் பார்த்தேன். உங்களுக்கு அனுப்பிய மெசேஜ் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர் சொல்ல முந்தி நான் சொன்னேன். நான் சொன்ன உண்மையும் பயத்தில் பிறந்ததுதான்.

பிறகு தஞ்சாவூர்ப் பிள்ளையின் அப்பாவுக்கு எடுத்தேன். அலாரத்தைக் கழற்றியது நான், படுக்கச் சொன்னது நான், பிள்ளைமேல் பழி போட்டது நான் என்று சொன்னேன். கனநேரம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "உங்கள ரொம்ப நல்லவருன்னுதான் சார் பொண்ணு சொல்லும்" என்றார். வைத்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இழப்பு யாருக்கு என்று சொல்கிறேன். அவள் உயிர் பிழைத்தாள். ஆனால் சில வாரங்களின் பின் மறதி தொடங்கியது. இந்த நஞ்சு அப்படியும் செய்யும், பிந்தி வந்து பிடிக்கும் என்று வைத்தியர் சொன்னார். வாசித்த பக்கத்தை மறுபடி வாசிப்பாள். கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தவள் மீதிச் சில்லறை எண்ணத் தடுமாறினாள். அந்தத் தவணையை முடிக்கவில்லை. கட்டிய காசு போனது. கோடையில் ஊருக்குத் திரும்பினாள். மற்ற மூன்று பிள்ளைகளும் பெப்ரவரிக் குளிரில் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அந்த பேஸ்மென்றில் இனி ஒருவரும் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அது நியாயம். ஆனால் தண்டனை முதலில் அவர்களுக்குத்தான் கிடைத்தது. இன்னொரு பேஸ்மென்றில் ஆறு பேரோடு போய்ச் சேர்ந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். 1991இல் நான் இருந்தது போல.

நான் தண்டம் கட்டினேன். அவளுடைய குடும்பத்துக்குக் காசும் அனுப்பினேன். அதை என் பக்கத்துத் தட்டில் வைத்து நிறுக்கவேண்டாம். இழந்த நினைவுக்கு விலை இல்லை.

வாசிப்பு வட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினேன். மூன்றாவது பொய். அவர்கள் மாறி மாறிச் சுகம் விசாரித்தார்கள். ஒருவர் புட்டும் சம்பலும் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். இதை வாசிக்கும்போதுதான் அவர்களுக்கும் தெரியவரும்.

இத்தனை நூல்களை வாசித்தவன் எப்படி இதைச் செய்தான்? இதை எனக்கு நானே கேட்டேன். விடையும் நான் வாசித்த நூல்களிலேயே இருந்தது. நல்லது எது என்று தெரிந்த ஒருவன் தீயதைச் செய்யமாட்டான், செய்தால் அவனுக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள் என்று சோக்கிரதீஸ் வாதிட்டார். அரிஸ்ரோட்டில் நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் ஏழாம் நூலில் அதை எடுத்து ஆராய்கிறார். குடித்திருப்பவன் எம்பெடோக்ளிஸின் பாடல்களை ஒப்புவிப்பது போல, ஆசைக்கு ஆட்பட்டவனும் அறத்தைச் சொல்வான் என்கிறார். சொற்கள் சரியாக வரும். அவனுக்குள் அந்த அறிவு இருக்காது. இந்தப் பகுதியை நான் வட்டத்தில் மூன்று தடவை நடத்தியிருக்கிறேன். மூன்று தடவையும் குடிகாரன் வேறொருவன் என்றே நினைத்தேன்.

எபிக்ரெற்றஸ் அடிமையாக இருந்த மெய்யியலாளர். பொய் சொல்லக்கூடாது என்பதற்கான நிரூபணங்களை நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறோம், பொய்யும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்ற கருத்தை அவருடைய கையேட்டின் முடிவுப் பகுதியில் காணலாம். கலிபோர்னியாவில் எரிக் ஷ்விட்ஸ்கெபல் என்ற மெய்யியல் பேராசிரியர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக நூலகங்களில் மற்ற மெய்யியல் நூல்களைவிட அறவியல் நூல்களே கூடுதலாகக் காணாமல் போயிருந்தன என்று காட்டினார். இவற்றை நான் சாட்டாகச் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லி ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கிய, இந்த நூல்களின் பெயரே கேள்விப்படாத பிள்ளை ஒருத்தி தன்னை நினைக்காமல் அந்தக் காற்றுக்குள் ஓடினாள்.

எனக்கு விளங்கியது இதுதான். நான் அறத்தைத் தூரத்தில் வைத்துப் பழகினேன். வன்னியில் உள்ள பிள்ளைக்குக் காசு அனுப்பினேன். அந்தப் பிள்ளை என்னிடம் சன்னல் கேட்கமாட்டாள். காற்றுக் கேட்கமாட்டாள். தூரத்தில் இருப்பவரையும் மறக்காதே என்றார் சிங்கர். அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவளிடமிருந்து நான் தப்பினேன். பெரிய கேள்விகளை மேசையில் வைத்து விவாதித்தபோது எனக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. கீழே இருந்த கேள்வி சிறியது. ஒரு சுவரை உடைக்கவேண்டும். மாதம் 550 டொலர் போகும். அந்தக் கேள்வியை நான் வட்டத்துக்கு ஒருநாளும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தால் அந்த 22 பேரில் எவரும் ஒரு நிமிடத்தில் விடை சொல்லியிருப்பார்கள். அதனால்தான் கொண்டுவரவில்லை.

சுவரை உடைத்துவிட்டேன். பேஸ்மென்ற் வெறுமையாகக் கிடக்கிறது. இதைத் திருந்தியதற்கு அடையாளமாக எடுக்கவேண்டாம். உடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது, உடைத்தேன்.

அந்த அலாரத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அதே வகையில் ஒன்று வாங்கினேன். கடை வாசலிலேயே பெட்டியைப் பிரித்துப் பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். மிகச் சிறிய எழுத்து. இடைவெளி விட்டு ஒரு தரம் அடித்தால் பற்றரி குறைவு. நாலு தரம் அடித்து, நின்று, திரும்ப நாலு தரம் அடித்தால் காபன் மொனொக்சைட். உடனே வெளியே போகவேண்டும். 911ஐ அழைக்கவேண்டும். வாசிக்கப் பத்து விநாடி ஆனது.

அவள் அதை வாசித்திருக்கமாட்டாள். ஆனால் சரியாக எண்ணியிருந்தாள். எண்ணி, எனக்கு எழுதியும் அனுப்பியிருந்தாள். நாலு தடவ. நிக்குது. திரும்ப நாலு தடவ.